உன் கைக்கு எது அடங்கும்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா
ஞாயிறு மாலை

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீட்டுக் காவலுக்குத் துப்பாக்கி வாங்கலாமா, எதை வாங்குவது என்று நீ கேட்டிருக்கும் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் போடக் கூடாது என்றுதான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன். இங்கே எல்லாரும் சுகம். புனித வெள்ளியன்று மாரியம்மன் கோயில் தீமிதி நல்லபடியாக நடந்தது. பேத்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கடைசி ஆள் இறங்கும்வரை நின்று பார்த்தாள்.

உன் அடுத்த தெருவில் நடுராத்திரி மூன்று பேர் புகுந்து அந்த வயதான தம்பதியைக் கட்டிப் போட்டதைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. நீயும் தங்கச்சியும் தனியாகத்தானே இருக்கிறீர்கள். துப்பாக்கி வேண்டும் என்று உனக்குத் தோன்றுவதில் தப்பே இல்லை. ஆனால் உன் மகன் சொல்கிறபடி 17 தோட்டா பிடிக்கிற கிளாக் கம்பெனி பிஸ்டல் ஒன்றை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முப்பது வருஷமாகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கேள்.

முதலில் படுக்கையறைக்குப் போகிற நடையில் ஒரு இரும்பு கேட் போடு. இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் வகை. பின்பக்கம் ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு, குரைக்கிற நாய் ஒன்று. தூக்கத்திலிருந்து எழுந்து கண்ணாடியைத் தேடி, சேஃப்பைத் திறந்து, நிமிர்ந்து நிற்க உனக்குக் குறைந்தது ஒரு நிமிஷமாவது வேண்டும். அந்த நிமிஷத்தைத் தருவது கேட்டும் நாயும்தான். அந்த கேட்டையும் ஒருவன் உடைத்துக்கொண்டு வந்தால், அப்போதுதான் துப்பாக்கிக்கு வேலை.

சரி, எந்தத் துப்பாக்கி? உன் விரல் மூட்டுகள் காலையில் மடங்குவதில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். பிஸ்டல் என்றால் மேலே இருக்கிற ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட வேண்டும். 9 மில்லிமீட்டர் தோட்டா போடுகிற பிஸ்டலின் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். கடையில் நின்று பத்து தடவை இழுத்துப் பார். ஐந்தாவது தடவையே விரல் வலித்தால் அது உனக்கான சாமான் இல்லை. இழுக்க முடிந்தால் 9 மில்லிமீட்டரே நல்லது. தோட்டா எங்கேயும் கிடைக்கும், சுடும்போது கையில் விழுகிற உதையும் தாங்கக்கூடியது. கிளாக்கில் விரலால் தள்ளுகிற தனிப் பூட்டு கிடையாது என்பதை மட்டும் மறக்காதே. விசையில் விரலை வைத்து இழுத்தால் சுட்டுவிடும். நல்ல துப்பாக்கிதான், ஆனால் விரலை அடக்கப் பழகியவனுக்கு.

ஸ்லைடு இழுக்க வரவில்லை என்றால் நாலு அங்குலக் குழல் உள்ள .38 ஸ்பெஷல் என்ற வகைத் தோட்டா போடுகிற ரிவால்வர் வாங்கு. உருளையைத் திறந்து பார்த்தாலே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். விசை கனமாக இருக்கும், அதற்குக் கொஞ்சம் பழக வேண்டும். ஐந்து ஆறு தோட்டா போதுமா என்று உன் மகன் கேட்பான். முதல் இரண்டு எங்கே போகிறது என்பதுதான் பெரிய விஷயம் என்று அவனிடம் சொல். அப்புறம், சின்னதாக, சட்டைப் பைக்குள் போகிற மாதிரி இருப்பதை வாங்காதே. நான் முதலில் வாங்கியது இரண்டு அங்குலக் குழல். எடை குறைவு, கையில் அடக்கம் என்று கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார். எடை குறைந்தால் உதை கூடும் என்று அவர் சொல்லவில்லை. ஏழு மீட்டரில் குறி பார்க்கிற காகிதத்திலேயே படவில்லை. வருஷத்துக்குள் விற்றுவிட்டேன்.

நீ இருப்பது டர்பன் சாட்ஸ்வொர்த். மேகசின் பேரக்ஸ் என்ற பழைய தொழிலாளர் குடியிருப்பிலிருந்து நம் அப்பாமார் மூட்டை கட்டிக்கொண்டு வந்த அந்த ஒட்டு வீடு. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். தோட்டா கதவையும் ஜன்னலையும் மெல்லிய தடுப்பையும் துளைத்துக்கொண்டு போகும். அதனால் உன் படுக்கையறை வாசலிலிருந்து எந்தத் திசையில் சுட்டால் பின்னால் யார் படுத்திருக்கிறார்கள் என்பதை இப்போதே, பகலிலேயே நின்று பார்த்து வைத்துக்கொள். சுடவே கூடாத திசைகள் உன் வீட்டில் குறைந்தது இரண்டு இருக்கும்.

இன்னொன்று. இதை நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. என் மச்சான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சமையலறை மேசையில் பிஸ்டலைத் துடைக்க உட்கார்ந்தார். தோட்டா அடைக்கிற கூடான மேகசினைக் கழற்றி ஓரமாக வைத்தார். காலி என்று நினைத்து விசையை அழுத்தினார். குழலுக்குள் ஏற்கெனவே ஒரு தோட்டா ஏறியிருந்தது. மேகசினைக் கழற்றினால் அது வெளியே வராது, மாணிக்கம். என் அக்கா ஒரு நிமிஷம் முன்புதான் அடுப்படியை விட்டு நகர்ந்திருந்தாள். அவள் நின்ற உயரத்தில் அலமாரிக் கதவில் ஓட்டை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்காவுக்கு அன்றிலிருந்து பட்டாசுச் சத்தம்கூட ஆகாது. அதனால் இந்த வரிசையை உன் கையே மறக்காதபடி பழக்கு: முதலில் மேகசினைக் கழற்று, பிறகு ஸ்லைடை இழு, உள்ளே கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார். அடுத்தவர் காலி என்று சொல்லிக் கொடுத்தாலும் நீ மறுபடி பார். எப்போதும் தோட்டா இருப்பதாகவே நினைத்துக்கொள். சுட விரும்பாத எதற்கும் நேராகக் குழலைக் காட்டாதே. குறி இலக்கில் நிற்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.

லைசென்ஸ் சமாச்சாரம் உனக்குப் பாதி தெரியும். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி, சட்டத் தேர்வு, சுடும் தேர்வு. பிறகு போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை கொடுத்துத் தகுதிச் சான்றிதழ். அதன்பிறகுதான் துப்பாக்கிக்கான லைசென்ஸ். தற்காப்புக்கு ஒருவருக்கு ஒன்றுதான். வேறு வழியில் உன்னைக் காத்துக்கொள்ள முடியாது என்று காரணம் காட்டி எழுத வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும், பொறுமையாக இரு. ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். முடிவதற்கு 90 நாள் முன்பே புதுப்பிக்க மனு கொடுத்துவிடு. 2018-ல் அரசியல் சாசன நீதிமன்றமும் இந்தக் காலக்கெடு செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது, அதனால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. ஒரு துப்பாக்கிக்குத் தோட்டா 200-க்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

துப்பாக்கி வைக்கிற சேஃப், எஸ்.ஏ.பி.எஸ். (SABS) என்ற தென்னாப்பிரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் முத்திரை உள்ளதாக இருக்கட்டும், சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கு. சாவி உன்னிடம் மட்டும். இதில் நான் கறாராகத்தான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. உன் மகன் வாரக் கடைசியில் குடித்துவிட்டு வருகிறான் என்று போன வருஷம் எழுதினாய். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள். தலையணைக்கு அடியில் இருக்கிற துப்பாக்கி திருடனுக்கு முன்னால் அவர்கள் கைக்குத்தான் போகும். மனசு உடைந்த நேரத்தில் வீட்டில் ஒரு துப்பாக்கி கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் நிலைமை சரியாகவில்லை என்றால், வாங்கவே வாங்காதே. கேட்டும் நாயும் போதும்.

எப்போது சுடலாம் என்று கேட்டிருக்கிறாய். உன் உயிருக்கோ தங்கச்சி உயிருக்கோ அந்த நிமிஷத்தில் ஆபத்து இருந்தால், தப்பிக்க வேறு வழி இல்லாதபோது. டி.வி.யைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் நீதான் கோர்ட்டில் நிற்பாய், நிற்கவும் வேண்டும். 2021 ஜூலைக் கலவரம் ஞாபகம் இருக்கிறதா? கடைகள் எரிந்தன, 350-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். டர்பன் பக்கம் நம்மவர்கள் அதிகம் இருக்கிற பீனிக்ஸில் மட்டும் 36 பேர். பயந்துபோய் ரோட்டில் மறியல் போட்டவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் துப்பாக்கியோடு ரோட்டுக்கு இறங்கி, வழியில் வந்தவனின் தோல் நிறத்தைப் பார்த்துச் சுட்டதைத் தற்காப்பு என்று என்னால் சொல்ல முடியாது. செத்தவர்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். உன் துப்பாக்கி உன் வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று எனக்கு நீ வாக்குக் கொடு.

கடைசியாக, மாதம் ஒரு தடவையாவது சுட்டுப் பழகுகிற ரேஞ்சுக்குப் போய் ஐம்பது தோட்டா சுடுவாயா? போக மாட்டேன் என்றால் பணத்தைச் செலவழிக்காதே. பழகாத கை இருட்டில் நடுங்கும்.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி இங்கே வா. லைசென்ஸ் உள்ளவன் பக்கத்திலேயே நின்று கவனித்தால் இன்னொருவர் அவன் துப்பாக்கியைச் சுடச் சட்டம் இடம் கொடுக்கிறது. என் ரிவால்வரும் பிஸ்டலும் இரண்டும் இருக்கின்றன, ஒன்றுதான் தற்காப்பு லைசென்ஸில், மற்றது வேறு லைசென்ஸில். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி நான் வைத்திருக்கிறேன். இரண்டையும் சுட்டுப் பார்த்து எது உன் கைக்கு அடங்குகிறது என்று நீயே முடிவு செய். மூட்டுக்குப் போடுகிற மாத்திரையை மறக்காமல் எடுத்து வா. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, நாம் ரேஞ்சுக்குப் போய்வரும்வரை வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருக்கட்டும். மத்தியானம் இங்கேதான் சாப்பாடு.

உன்,
ராஜூ