300 அடியில் கடல் இருக்கிறது, ஐயா

மதிப்பிற்குரிய கல்வி அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். பாக் விரிகுடாக் கரையில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போக அனுமதி கேட்டு நான் எழுதிய மூன்று விண்ணப்பங்களும் உங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு, மாணவர் பாதுகாப்பைக் கருதி அனுமதிக்க இயலாது என்று ஒரு வரி வந்தது. கோப்பில் இருப்பதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. ஆனால் போன மாதம் நடந்த கடல்வள விழிப்புணர்வு நாளுக்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அன்று எங்கள் பிள்ளைகள் 22 பேரை பஸ்ஸில் ஏற்றி, 60 கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போனோம். கடலைப் பற்றித் தெரிந்துகொள்வதற்காக. காற்று அடிக்கிற நாளிலும் வத்தைப் படகில் நின்றபடி போகிற பிள்ளைகள், பஸ்ஸில் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். மண்டபத் திரையில் பெங்குவினும் திமிங்கிலமும் வந்து போயின. ஓவியப் போட்டி நடந்தது. அப்புறம் வினாடி வினா.

திரையில் ஒரு படம் போட்டார்கள். அது முழுசாகத் தெளிவதற்குள் எங்கள் பையன் ஒருவன் எழுந்து "ஆவுளியா" என்றான். நடுவர் தவறு என்று சொல்லிவிட்டு அடுத்த பள்ளியைப் பார்த்தார். அவர்கள் "கடல் பசு" என்றார்கள். பத்து மதிப்பெண், கைதட்டல். இரண்டும் ஒன்றுதான் என்று மேடைக்கே போய்ச் சொன்னேன். "விடைத்தாள்ல என்ன இருக்கோ அதைத்தான் மேடம் எடுத்துக்க முடியும்" என்றார்கள்.

அந்தப் பையனின் அப்பா, சில வருஷங்களுக்கு முன் வலையில் சிக்கிய ஆவுளியா ஒன்றை, வலையை அறுத்துக் கடலில் விட்டவர். வனத்துறை அவரைப் பாராட்டிக் கொடுத்த சான்றிதழ் அவர்கள் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பையன் என்னிடம் கேட்டான்: "எங்க வீட்டு சர்டிபிகேட்டுலயும் கடல் பசுன்னுதான் டீச்சர் போட்டிருக்கு. ஆனா நாம ஆவுளியான்னுதானே சொல்லுவோம்?" ஆமாம்டா என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே முதலாவது. எங்கள் பிள்ளைகள் குளித்து விளையாடுகிற கடல்தான் அது. நாங்கள் தாழை என்று சொல்கிற கடற்புல் அங்கே பரந்து கிடப்பதால்தான் ஆவுளியாவும் அங்கே இருக்கிறது. பெரிய உருப்படி ஒன்று நாளுக்கு 30, 40 கிலோ புல் மேயும். அது மேய்ந்த தடம் ஏர் ஓட்டிய சால் மாதிரி இருக்கும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வார். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருஷம் ஆகும். விசைப்படகின் இழுவை மடி வலை தாழையைச் சுரண்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதை இதற்குமேல் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. இத்தனையையும் நான் கரும்பலகையில் ஒரு சாக்பீஸ் படத்தை வைத்துக்கொண்டு நடத்துகிறேன். ஜன்னல் வழியே அலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

படத்தை நம்பாமல் ஒருமுறை வேறு மாதிரி முயன்று பார்த்தேன். பிள்ளைகள் கடலுக்குப் போகக் கூடாது என்றால் கடலைப் பிள்ளைகளிடம் கொண்டுவருவோம் என்று நினைத்தேன். காலையில் கரை ஒதுங்கியிருந்த தாழையை வேரோடும் சேற்றோடும் அள்ளி, ஒரு பிளாஸ்டிக் வாளியில் கடல்தண்ணீர் ஊற்றி வகுப்புக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் வாளியைச் சுற்றி மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். புல்லை விலக்க விலக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. விரல்நகம் அளவு நண்டு. உடம்புக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற இறால் குஞ்சு. இலையில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னச் சின்ன நத்தைகள். கட்டைவிரல் நீளத்தில் ஒரு மீன் குஞ்சு; அது ஓராவா இல்லையா என்று இரண்டு பையன்களுக்குள் சண்டையே வந்தது. பத்து வருஷத்தில் அப்படி ஒரு வகுப்பு எனக்கு அமைந்ததில்லை.

அடுத்த இரண்டு பாடவேளை கணக்கு. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் தண்ணீர் சுட்டது. மீன் மல்லாந்து கிடந்தது. நண்டு மட்டும் வாளியின் ஓரத்தைக் காலால் சுரண்டிக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, குரலே எழும்பாமல் கேட்டாள்: "பாதுகாக்கணும்னு சொல்லிட்டு நாமளே கொன்னுட்டோமா டீச்சர்?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை, ஐயா. அந்த வாளியை நான் பிறகு எடுக்கவே இல்லை. அந்த மீன் சாகாமல் அதே வகுப்பை நடத்த ஒரு வழிதான் உண்டு. பிள்ளைகளை அது இருக்கிற இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். பள்ளி வாசலில் இருந்து 300 அடி.

பாதுகாப்பு என்கிறீர்கள். நியாயம்தான், பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் முதலில் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். ஆனால் மாலை 4.10க்குக் கடைசி மணி அடித்ததும் இதே பிள்ளைகள் பையை வீட்டுத் திண்ணையில் எறிந்துவிட்டு நேராக அங்கேதான் போகிறார்கள். வலை உதறுகிறார்கள், நண்டு கழற்றுகிறார்கள். 4.10 வரை ஆபத்தாக இருக்கிற கடல் 4.11க்கு எப்படிச் சாதுவாகிறது என்பது எனக்குப் புரியவில்லை. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் ராத்திரி ராத்திரியாகக் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்கள் பெரிய பிள்ளைகள், சரி. நாங்கள் கேட்பது பட்டப்பகலில், ஆசிரியர்களோடு, முழங்கால் தண்ணீரைத் தாண்டாமல், மாதத்தில் ஒரே ஒரு மத்தியானம்.

ஆனால் சுற்றுச்சூழல் மன்றம் எல்லாப் பள்ளியிலும் இயங்க வேண்டும் என்று சுற்றறிக்கை மட்டும் தவறாமல் வருகிறது. இயங்கியதற்குப் போட்டோ கேட்கிறீர்கள். கடலையே பார்க்காமல் கடல் பாதுகாப்பு உறுதிமொழி எடுத்து, அதைப் படம்பிடித்து ஏற்றுகிறோம். மாணவர் விவரங்களைப் பதிகிற எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டியது இன்னொரு பக்கம் கிடக்கிறது. சில நாட்கள், பிள்ளைகளின் முகத்தைவிட அவர்களுடைய எமிஸ் எண்தான் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. போன மாத விழாவில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் கொடுத்தார்களே, அந்தப் பாட்டில்கள் எந்த ஆற்று வழியாக எந்தக் கடலுக்குப் போகும் என்பதையும் அந்த வினாடி வினாவில் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கலாம்.

எங்கேயோ போய்விட்டேன். வேண்டுவதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பகுதியில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் தொழில் நாட்கள் தனித்தனி என்பது தாங்கள் அறிந்ததே. புதன்கிழமை விசைப்படகு நாள். நாட்டுப்படகுக்காரர்கள் அன்று கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். மாதத்தில் ஒரு புதன்கிழமை, நீர் வற்றும் நேரம் பார்த்து, இரண்டு மணி நேரம் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போகத் தயவுசெய்து அனுமதி தாருங்கள். ஏர்ச்சால் மாதிரி என்று சொன்ன அந்தப் பெரியவர், வந்து பிள்ளைகளோடு பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். நீச்சல் தெரிந்த அப்பாக்கள் நான்கு பேர் கூட நிற்பதாக ஒப்புக்கொண்டார்கள். வலையை அறுத்து ஆவுளியாவைக் கடலில் விட்டவரும் அதில் ஒருவர். அவர் ஒரு கேள்வி கேட்டார், அதையும் எழுதிவிடுகிறேன்: "எம் பையன கடலுக்குக் கூட்டிப்போக யார்கிட்டம்மா அனுமதி கேக்குறீங்க?"

வகுப்பில் 27 பேர். 27 வீட்டுச் சம்மதக் கடிதமும் என் மேசை டிராயரில் இருக்கிறது. நான்கில் கைநாட்டு. நாலாவது விண்ணப்பத்தோடு அவற்றைச் சேர்த்து இந்தத் திங்கட்கிழமை நானே நேரில் கொண்டுவருகிறேன். அன்று தாங்கள் ஆய்வுக்கூட்டத்தில் இருந்தால், முடியும்வரை வெளியே பெஞ்சில் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை