40 ஆயிரத்துக்கு கார் கிடைச்ச கதையோட மீதிப் பாதி

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒண்ணை வெறும் 40 ஆயிரத்துக்கு வாங்கி பளபளன்னு ஆக்கி வச்சிருக்கறவரைப் பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தீங்க. ஃபோட்டோ சூப்பர், அந்த முன்பக்க கிரில்லைப் பார்த்துட்டு ரெண்டு தடவை பேப்பரைக் கிட்ட வச்சுப் பார்த்தேன். ஆனா ஒரு வருத்தம் சார், அந்த 40 ஆயிரத்தை மட்டும் கொட்டை எழுத்துல தலைப்புல போட்டுட்டு அதுக்கப்புறம் என்ன செலவாச்சுன்னு ஒரு வரி கூட இல்ல. சேஸிஸ்னு சொல்ற அடிச்சட்டத்துக்கு வெல்டிங், டிங்கரிங், பட்டி பார்த்து பெயிண்ட், பீடிங் ரப்பர், சீட்டு, வயரிங், இன்ஜின் போரிங் எல்லாம் சேர்த்தா அந்த 40 ஆயிரம் சும்மா அட்வான்ஸ் மாதிரிதான், இது இந்தப் பைத்தியம் பிடிச்ச எல்லாருக்கும் தெரியும், வீட்ல இருக்கறவங்களுக்கு மட்டும் தெரியாது, தெரியவும் கூடாது.

இதுல என்ன கெட்டுப்போச்சுன்னு கேக்கலாம். உங்க பேப்பர்ல இந்த மாதிரி ஒரு நியூஸ் வந்தா ரெண்டு விஷயம் நடக்குது. ஒண்ணு, கையில கொஞ்சம் காசு வச்சிருக்கிற தம்பிங்க ஆசைப்பட்டு எங்கேயோ தோப்புல கிடக்கிற வண்டியை வாங்கி கிரேன் வச்சுத் தூக்கிட்டு வந்து, பாதி பிரிச்சுப் போட்டதும் காசு தீர்ந்து, கடைசியில அதை பார்ட் பார்ட்டா வித்துடறாங்க. இன்னொண்ணு இதுக்கு நேர் எதிர், வீட்டுக்குப் பின்னாடி கீத்துக் கொட்டகையில அம்பாசடர் வச்சிருக்கிறவர் இதைப் படிச்சுட்டு "விண்டேஜ் சார், 8 லட்சத்துக்குக் கம்மியா பேசவே பேசாதீங்க"ன்னு உக்காந்துடறாரு, யாரும் வாங்க மாட்டாங்க, ரெண்டு மழைக்காலம் போனா ஃப்ளோர் போயிடும், அப்புறம் காயலான் கடைக்காரன் எடைக்குத்தான் எடுப்பான். விலை குறைச்சலா கிடைச்சதுன்னு எழுதற நியூஸ்தான் விலையையும் ஏத்துது, வண்டியையும் கொல்லுது.

சரி, ஹெரால்டு விஷயத்துக்கு வரேன். 1961ல இருந்து நம்ம மெட்ராஸ்ல செஞ்ச வண்டி அது. இங்கிலாந்துல ட்ரையம்ஃப் ஹெரால்டுன்னு பேரு, மிக்கெலோட்டின்னு ஒரு இத்தாலிக்காரர் டிசைன் பண்ணது, 948 சிசி இன்ஜின். முன்பக்க பானெட்டை மட்கார்டோட சேர்த்து அப்படியே முன்னால சாய்ச்சா இன்ஜின், முன் சக்கரம், ஸ்டியரிங் எல்லாம் கண்ணு முன்னாடி திறந்து கிடக்கும், டயர் மேலயே உக்காந்துட்டு வேலை பாக்கலாம். பாடி தனி, சேஸிஸ் தனி, போல்ட்டைக் கழட்டினா பாடியே துண்டு துண்டா வந்துரும். அதனாலதான் வீட்டுவாசல்ல வச்சு கத்துக்கறதுக்கு இதை விட நல்ல வண்டி கிடையாதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது. அப்புறம் அந்த நாலு டோர் ஹெரால்டு இருக்கு பாருங்க, அது ட்ரையம்ஃப் கம்பெனியே போடாத மாடல், நம்ம ஊர்ல மட்டும்தான் வந்துச்சு. வெள்ளைக்காரன் ஹெரால்டு கிளப் ஆளு நம்ம ஊருக்கு வந்தா இதைப் பார்த்து வாயைப் பொளப்பான்.

இவ்வளவு சொன்னேனே, இதுக்கும் ஒரு வியாதி உண்டு. சேஸிஸ்ல இருந்து பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு வர்ற அவுட்ரிக்கர் எல்லாம் துரு பிடிச்சுப் போயிருக்கும், மெட்ராஸ் உப்புக்காத்துல கேக்கவே வேணாம், மேலே பெயிண்ட் அடிச்சுட்டா தெரியாது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கீழே படுத்து குத்திப் பாக்கணும். குத்த விடமாட்டேன்னு ஓனர் சொன்னா எழுந்து சட்டையைத் தட்டிட்டு வந்துருங்க, அது 10 ஆயிரத்துக்குக் கிடைச்சாலும் வேணாம்.

உண்மையான அதிர்ஷ்டம் எங்க இருக்குன்னு கேட்டா நான் பார்ட்ஸ்லன்னு சொல்லுவேன். வண்டி எப்படியும் கிடைச்சுரும் சார், டெயில் லாம்ப் கண்ணாடி கிடைக்காது. ஏதோ ஒரு ஊர்ல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல 50 வருஷமா இருந்த ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையை மூடுவாங்க, பெரியவர் காலமாயிருப்பாரு, பையன் பெங்களூர்ல இருப்பான், பரண் மேல அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா கிடக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், கிளட்ச் பிளேட்டு, வைப்பர் மோட்டார், எண்ணெய்க் காகிதத்துல சுத்துனது சுத்துன மாதிரியே. அதுதான் புதையல். இந்த மாதிரி ஒரு பரண் காலியாகுற அன்னிக்கு அங்க நிக்கறவன்தான் அதிர்ஷ்டக்காரன், 40 ஆயிரத்துக்குக் கார் வாங்குனவன் இல்ல.

மெட்ராஸ்ல பழைய வண்டிச் சாமான் விக்கிற புதுப்பேட்டையும் அப்படித்தான், போறதுக்கு ஒரு முறை இருக்கு. கடைக்காரர்கிட்ட போய் "ஹெரால்டுக்கு வேணும், ரீஸ்டோர் பண்றேன்"னு வாயைத் திறந்தீங்கன்னா முடிஞ்சுது, 300 ரூபா சாமான் 3 ஆயிரம் ஆயிரும். பழைய பார்ட்டைக் கையில எடுத்துட்டுப் போய் "அண்ணே இந்த மாதிரி ஒண்ணு இருக்கா"ன்னு மட்டும் கேக்கணும். அந்தக் காலத்து அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு எல்லாத்துலயும் எலக்ட்ரிக்கல் சாமான் நிறைய லூகாஸ்ங்கற ஒரே பிராண்டுதான், அதனால ஒரு வண்டிக்குத் தேடுனது இன்னொரு வண்டிக் குவியல்ல கிடைக்கும். அங்க இருக்கிற வயசான ஆளுங்களுக்கு எந்தச் சாமான் எதுக்குச் சேரும்னு தலைக்குள்ளயே இருக்கு, அதை யாரும் எழுதி வைக்கல. அதைப் பத்தி ஒரு பக்கம் போடுங்க சார், நான் நாலு காப்பி வாங்கறேன்.

இந்தப் பேச்சு வந்தா தாம்பரத்துக்குப் பக்கத்துல பெருங்களத்தூர்ல இருந்த ஸ்டாண்டர்டு ஃபேக்டரி கதையைச் சொல்லாம விட முடியாது. ஹெரால்டு செஞ்ச அதே கம்பெனி 1985ல ஸ்டாண்டர்டு 2000ன்னு ஒண்ணு விட்டாங்க. பாடி இங்கிலாந்து ரோவர் கம்பெனியோட எஸ்டி1, ஐரோப்பாவுல 1977ல கார் ஆஃப் தி இயர் வாங்கின வண்டி, பார்க்க ராஜா மாதிரி இருக்கும், உள்ள வச்சது மட்டும் ஸ்டாண்டர்டோட பழைய வேன்கார்டு கார் பரம்பரை 1991 சிசி இன்ஜின். விலையும் ஜாஸ்தி, பெட்ரோலும் குடிச்சுது, அந்தப் பக்கம் மாருதி 1983 கடைசியிலேயே வந்து ஊரையே பிடிச்சுட்டான், வேற என்ன நடக்கும், 1988 வாக்குல கடையை மூடிட்டாங்க. ஃபேக்டரி அப்படியே பூட்டிக் கிடந்துச்சு, ஜி.எஸ்.டி. ரோட்டுல போறவங்க வரவங்க எல்லாம் அந்தக் கேட்டைப் பார்த்துக்கிட்டுதான் போனோம். 2006ல இடம் கை மாறுனப்போ உள்ள மிச்சம் இருந்த சரக்கை, உபயோகிக்காத பார்ட்ஸ் எல்லாத்தையும் ஏலம் விட்டாங்க. எடுத்தது யாருங்கறீங்க? இங்கிலாந்துல லிங்கன் பக்கம் இருக்கிற ரிம்மர் பிரதர்ஸ்னு ஒரு ஸ்பேர்ஸ் கம்பெனி. அங்க ரோவர் எஸ்டி1 உற்பத்தி 1986லயே நின்னு போச்சு, வண்டியெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு, புது பார்ட்ஸுக்கு ஆளுங்க நாய் படாத பாடு படறாங்க, இருபது வருஷம் கழிச்சு மெட்ராஸ்ல ஒரு பூட்டுன ஃபேக்டரிக்குள்ள புதுசா இருக்குன்னா விடுவானா. கப்பல் ஏத்திட்டுப் போயிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், தேடுனான், கிடைச்சுது. கேட்டுக்கு வெளிய டீக்கடையில நின்னுக்கிட்டு இருந்த நம்ம யாருக்கும் உள்ள என்ன இருக்குன்னு கேக்கத் தோணல, அதான் எனக்கு ஆறல. இன்னிக்கு நம்ம ஊர்ல மிச்சம் இருக்கிற ஸ்டாண்டர்டு 2000க்கு ஒரு பார்ட் வேணும்னா லிங்கனுக்கு ஆர்டர் போட்டு, பவுண்டுல காசு கட்டி, கஸ்டம்ஸும் கட்டணும், பெருங்களத்தூர்ல கிடந்த சாமானுக்கு.

அடுத்தது பேப்பர்ஸ். மலிவா கிடைக்கிற வண்டியில முக்கால்வாசி இறந்து போன அப்பா பேர்லயோ தாத்தா பேர்லயோதான் இருக்கும். வாரிசு சான்றிதழ் வேணும், ஃபாரம் 31 போட்டு முதல்ல வாரிசு பேருக்கு மாத்தணும், அப்புறம் ஃபாரம் 29, 30 போட்டு உங்க பேருக்கு. மூணு வாரிசுல ஒருத்தர் அமெரிக்காவுல இருப்பாரு, இன்னொருத்தர் இவர்கிட்ட பேச மாட்டாரு. சேஸிஸ் நம்பரை காகிதம் வச்சு பென்சில்ல தேச்சு எடுக்கச் சொல்லுவாங்க, துருவுல நம்பரே அழிஞ்சு போயிருந்தா என்ன பண்ணுவீங்க? ஆர்.சி. புக்குல பெட்ரோல்னு இருக்கும், உள்ள டீசல் இன்ஜின் உக்காந்திருக்கும். இதெல்லாம் சரியா இருக்கிற வண்டியை ரெண்டு மடங்கு விலை குடுத்து வாங்குனாலும் அது லாபம்தான்.

2021ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி கொண்டு வந்தாங்க, நல்ல விஷயம். 50 வருஷத்துக்கு மேல ஆன, பெருசா மாத்தம் செய்யாத, ஒரிஜினலா இருக்கிற வண்டிக்குத்தான். புதுசா பதிய 20 ஆயிரம், 10 வருஷத்துக்குச் செல்லும், ஏற்கெனவே நம்பர் இருந்தா அந்தப் பழைய நம்பரையே வச்சுக்கலாம். ஆனா அதுல பதிஞ்சா தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது, ரேலி, கண்காட்சி, பெட்ரோல் போட, சர்வீஸுக்கு இப்படித்தான். அப்போ 1980ல வந்த ஃபியட் வச்சிருக்கிறவன் இதுலயும் சேர முடியாது. அவன் சாதாரண வண்டி மாதிரிதான் ஆர்.சி. புதுப்பிக்கணும், 20 வருஷம் தாண்டுன காருக்கு 2025ல அந்தக் கட்டணத்தையும் 10 ஆயிரமா ஏத்திட்டாங்க. உங்க கட்டுரையில இதுல ஒரு வார்த்தை இருந்திருந்தா வாங்கப் போறவனுக்கு எவ்வளவு உபயோகமா இருந்திருக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. "அந்த அம்மாவுக்கு வண்டியோட மதிப்பே தெரியல, அடிமாட்டு விலைக்குக் குடுத்துட்டாங்க"ன்னு வண்டியை வித்தவங்களைப் பத்தி அந்த 40 ஆயிரத்துக்கு வாங்குனவர் சொன்னதை நீங்க ஏதோ சாமர்த்தியம் மாதிரி போட்டிருந்தீங்க. வீட்டுக்காரர் ஓட்டுன வண்டியை காயலான் கடைக்குப் போடாம ஓட்டறவன் கைக்குக் குடுப்போம்னு நினைச்சு விலையைக் குறைச்சவங்களா கூட இருக்கலாம், அவங்ககிட்ட யாராவது கேட்டீங்களா? எங்க செட்டுல ஒரு வழக்கம் உண்டு, வயசானவங்ககிட்ட வாங்குனா உண்மையான மார்க்கெட் விலையைச் சொல்லிட்டுத்தான் பேரம் பேசறது, அப்பவும் குறைச்சே குடுப்பாங்க, வண்டி ரெடியானதும் முதல் ரவுண்டு அவங்களைத்தான் ஏத்திட்டுப் போகணும்னு ஒரே கண்டிஷன் போடுவாங்க.

அடுத்த தடவை இந்த மாதிரி ஒருத்தரைப் பேட்டி எடுக்கும்போது நிருபரை மூணு கேள்வி சேர்த்துக் கேக்கச் சொல்லுங்க: மொத்தச் செலவு எவ்வளவு, ஆர்.சி. யார் பேர்ல இருக்கு, பார்ட்ஸ் எங்க கிடைச்சுது. மூணாவது கேள்விக்கு அவர் பதில் சொல்லமாட்டாரு, இருந்தாலும் கேளுங்க, அவர் மழுப்பறதை அப்படியே போடுங்க, நாங்க எந்தக் கடைன்னு கண்டுபிடிச்சுக்குவோம்.

இப்படிக்கு,
பழைய ஹெரால்டு வச்சிருக்கிற ஒரு வாசகர்,
மேற்கு தாம்பரம்.