அடுத்த வாசிப்பு: ஷெல்லி ராம்போ

உறுப்பினர்களுக்கு வணக்கம். பாஸ்டன் பல்கலைக்கழக இறையியல் பேராசிரியர் ராம்போ, பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவிலுள்ள சனிக்கிழமையில் நிற்கிறார்: இயேசுவின் சாவு நடந்து முடிந்தும் முடியாத நாள். மன அதிர்ச்சியும் அப்படித்தான். 2017இல் வந்த நூலில், இயேசுவின் உயிர்த்தெழுந்த உடலிலும் காயம் மறையாததை வைத்து அமெரிக்க இனவெறியின் வடுக்களையும் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களையும் பேசுகிறார்.

வருமுன் யோவான் 20:24–29ஐ நிதானமாகப் படியுங்கள். காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்ற சீடர் தோமா அதைத் தொட்டதாக அதில் ஒரு வரிகூட இல்லை, கவனியுங்கள்!

கூட்டத்தை நடத்த இருவர் வேண்டும். யாராவது எழுந்து வெளியே போனால் இருவரில் ஒருவர் அவருடன் போகலாம். சொந்த அனுபவத்தைச் சொல்லும்படி எவரையும் கேட்காதீர்கள். அழுபவரிடம் "எல்லாம் தேவசித்தம்" என்று முந்திக்கொள்வதில்தான் பெரும்பாலும் பேச்சு கெடுகிறது; அதோடு அவர் வாய் அடைத்துப்போகும். கடைசியில், இருளிலேயே முடியும் சங்கீதம் 88ஐ வாசியுங்கள், ஆறுதல் வசனம் எதுவும் சேர்க்காமல்.