கிரேட் ஹாலுக்காகப் பாடுபட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம்.

எங்கள் மாணவர் இசைக்குழுவின் கச்சேரி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், பழைய கல்லூரி வளாகமான ஆர்ட்ஸ் சென்டரின் கிரேட் ஹாலில் நல்லபடியாக நடந்து முடிந்தது. மேடையில் நன்றியுரைக்கு நேரமில்லாமல் நாலு பெயரோடு நிறுத்திக்கொண்டோம். விட்டுப்போனவர்கள்தான் அதிகம்.

முதல் நன்றி, எங்களை யாரென்றே தெரியாதவர்களுக்கு. 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கம் 185 உயிர்களைக் கொண்டுபோனது. இந்த வளாகத்தின் 23 கட்டடங்களில் பெரும்பாலானவை சேதமாயின. அந்தச் சமயத்தில் “இந்தப் பழைய கல்லெல்லாம் இப்போது எதற்கு?” என்று கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. செலவு 29 கோடி நியூசிலாந்து டாலரைத் தொடும் என்ற மதிப்பீடு வந்த பிறகும் பின்வாங்காத அறக்கட்டளைக்கும், கொடையாளர்களுக்கும் எங்கள் வணக்கம். மீட்டதோடு நிற்காமல், பூட்டி வைத்துக் கண்காட்சி ஆக்காமல், பாட்டுக்கும் நாடகத்துக்கும் கதவைத் திறந்துவிட்டீர்களே, அதற்குத்தான் கூடுதல் நன்றி.

அடுத்து கொத்தர்களுக்கு. ஹால்ஸ்வெல் கருங்கல் சுவரும், சன்னல் ஓரங்களில் வெள்ளை ஓமாரு சுண்ணக்கல்லுமாக எழும்பிய வளாகம் இது. ஓமாரு கல் மெத்தென்றது, ரம்பத்தால் அறுக்கலாம். அதனாலேயே கை நிதானம் வேண்டும். புதிதாகச் செதுக்கிய கல் பழையதைவிடப் பளிச்சென்று தெரிகிறது என்று சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடித்தே இருக்கிறது. எது எப்போது செய்தது என்று மறைக்காத வேலை.

மறைந்தே இருக்கும் வேலை ஹாலுக்கு உள்ளே. மரப்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சுவரைக் கான்கிரீட்டும் எஃகும் கொண்டு பலப்படுத்தி, அதே பலகைகளைத் திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள். 2016இல் ஹால் மறுபடி திறந்தபோது, பார்த்தவர்களுக்குப் பழைய ஹாலேதான். அத்தனை பாடும் கண்ணில் படாமல் போக வேண்டும் என்பதற்காகவே பட்ட பாடு! மறுவருடம் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் தேடி வந்தது. கச்சேரிக்கு வந்த எங்கள் அம்மாமார் “நல்ல பழைய மண்டபம், ஒன்றும் ஆகவில்லையே” என்றார்கள். பொறியாளர்களே, தச்சர்களே, இதைவிடப் பெரிய பாராட்டு என்னிடம் இல்லை.

கான்டர்பரி கல்லூரிக்காக பெஞ்சமின் மவுண்ட்ஃபோர்ட் வடிவமைத்து 1882இல் திறந்த ஹால் இது. அந்தக் கல்லூரிதான் பின்னாளில் பல்கலைக்கழகம் ஆனது. அணு விஞ்ஞானி ரதர்ஃபோர்ட் படித்த இடம் என்று எல்லாருக்கும் தெரியும். எங்களைப் போன்றவர்களுக்கு வேறொரு கதை முக்கியம். துப்பறியும் நாவலாசிரியர் நயோ மார்ஷ் 1943இல் இந்தக் கல்லூரியின் மாணவர் நாடகச் சங்கத்தை வைத்து, நவீன உடையில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் போட்டார். பல்கலைக்கழகம் 1970களின் நடுவில் இலாம் என்ற புறநகருக்கு முழுதாகக் குடிபெயர்ந்தது. 2017இல் இசைத் துறை பழைய வேதியியல் கட்டடத்துக்குத் திரும்பி வந்ததும் நகர நடுவில் மறுபடி மாணவர் வாத்தியச் சத்தம் கேட்டது. ஆனால் மாணவர் ஒன்றியம் இருந்த கட்டடத்தின் முறை மட்டும் கிரேட் ஹால் முடிந்து வெகுநாள் வரை வரவில்லை என்பது எங்கள் செல்லக் கோபம்.

இனி நம்மவர்கள். வேறொரு மண்டபத்தில் “மேளமெல்லாம் கூடாது” என்று கைவிரித்தபோது இங்கே பேசி இடம் பிடித்துக் கொடுத்த அண்ணாவுக்கு நன்றி. மரமும் உயர்ந்த கூரையும் வயலினுக்கு அமிர்தம். மிருதங்கத்தின் சொற்கள் மட்டும் ஒன்றோடொன்று குழைந்தன. ஒலி பார்த்த தம்பி மேடையில் கனத்த ஜமுக்காளத்தை இரட்டை மடிப்பாக விரித்து, மைக்கை மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்குச் சற்றுத் தள்ளி வைத்தபின் தனி ஆவர்த்தனம் தெளிவாகக் கேட்டது. உள்ளே சாப்பாடு கூடாது என்ற விதியை மதித்து, குளிரில் முற்றத்தில் நின்று சுண்டல் பரிமாறிய அக்காமாருக்கும், எல்லாரும் போனபின் நாற்காலி அடுக்கிய யாழ்ப்பாணத்து, மதுரைப் பிள்ளைகளுக்கும் நன்றி.

பக்க அறையில் யாரோ ஒரு ஜோடி வெண்கலத் தாளத்தை விட்டுப் போயிருக்கிறீர்கள். என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த ஒத்திகைக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
இசைக்குழுச் செயலாளர்