ஐயோ என்று சொன்னால் என்ன?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். சின்னவள் "ஐயோ" என்றதற்கு, "அது எமன் பொண்டாட்டி பேரு, வீட்டில் சொல்லாதே" என்று உன் அத்தை அதட்டினார்களாமே. எங்கள் வீட்டிலும் சின்ன வயதில் அதே சட்டம்தான். ஆனாலும் குழந்தையை விட்டுவிடச் சொல்.

திருப்பாணாழ்வார் அரங்கனின் நீலமேனியைக் கண்டு, "ஐயோ, நிறைகொண்டது என் நெஞ்சினையே" என்று உருகுகிறார். கம்பர், ராமனின் நிறத்துக்கு மை, மரகதம், கடல், மழைமுகில் என்று அடுக்கிப் பார்க்கிறார். எதுவும் போதவில்லை. கடைசியில் "ஐயோ இவன் வடிவு" என்கிறார். அழகு தாங்காமல் வந்த ஐயோவில் எமனுக்கு என்ன வேலை? ஐயனைக் கூப்பிடுவதுதானே அது! 2016-இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே அதைச் சேர்த்துக்கொண்டது தெரியுமா?

யோசித்துப் பார், திடுக்கிட்டால் நாம் கூப்பிடுவது பெரும்பாலும் பெற்றவர்களைத்தான். அம்மாடி, யப்பா, அடேங்கப்பா, ஆத்தாடி. "அடங்கொப்புரானே"வுக்குள்கூட ஒரு கொப்பன் இருக்கிறான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது எங்கள் பெரியம்மாவின் ஆத்தி. பால் பொங்கி வழிந்தால் வெறும் "ஆத்தி". பக்கத்து வீட்டுச் சங்கதி என்றால் முகவாயில் விரலை வைத்து, "அடியாத்தீ" என்று கடைசி எழுத்தை இழுப்பார். போன மாதம் மாடிப்படியில் தண்ணீர்க் குடத்தோடு சறுக்கிவிட்டார். அப்போது போட்ட "ஆத்தாடியோவ்" தெருமுனை வரைக்கும் கேட்டது. பதறிக்கொண்டு ஓடினோம். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. படியிலேயே உட்கார்ந்து, நசுங்கிய குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "கிழிஞ்சது கிருஷ்ணகிரி" என்றார். அதுவரை அழப்போன என் மகன் சிரித்துவிட்டான். அந்த மோனைக்காகவே இது வாயில் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். பயந்த நெஞ்சை ஒரே நொடியில் இறக்கிவைக்க இதைவிட நல்ல சொல் எங்கே கிடைக்கும்?

இப்போது நன்றாக நடமாடுகிறார். உன்னையும் விசாரித்தார்.

அப்புறம், உங்கள் கொங்குப் பக்கத்து "அட கெரகமே" எனக்குத் தெரியும். அது தவிர அத்தை வாயில் வேறு என்னென்ன வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டு, விடாமல் எழுது. எந்த நேரத்தில், எந்த முகத்தோடு சொன்னார் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் தோழி