பட்டாளத்தார் நினைவுப் படிப்பகம்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் பெருமக்களுக்கு வணக்கம்.

விளையாட்டுத் திடலின் வடக்கோரத்தில் பட்டாளத்தார் நினைவுப் படிப்பகம் கட்டி முடிக்கப்பட்டு, சாவி நம் கையில் இருக்கிறது. பத்து மாதத்தில் முடிப்போம் என்று பொதுக்குழுவில் சொன்னோம். பதினேழு மாதம் ஆயிற்று. 9,80,000 ரூபாய்க்குள் அடங்கும் என்றோம்; 10,76,000 ரூபாய் ஆயிற்று. இரண்டுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். நின்ற தூணை ஏன் உடைத்தீர்கள் என்று கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டவர்களுக்கும், கேட்காமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

அஸ்திவாரம், செங்கல் கட்டு, மேல்தளம், தட்டோடு, மின் இணைப்பு, புத்தக அலமாரிகள், வண்ணம் எல்லாம் குறையின்றி முடிந்தன. ராணுவத் தேர்வுக்கு ஓடும் பிள்ளைகள் தாண்டிப் பழகுவதற்காகப் பட்டாளத்தார் ஐயா தம் கையால் தோண்டிய ஒன்பதடிப் பள்ளத்தின் கரையும் கட்டித் தரப்பட்டது.

இனி, தூண் விவகாரம்.

முகப்புத் திண்ணைக்குத் தூண்கள் ஆறு. ஒவ்வொன்றும் பத்தடி உயரம், ஒன்பது அங்குலச் சதுரம். சென்ட்ரிங் பலகையைப் பிரித்த அன்று மாலை, கிழக்கு ஓரத்து இரண்டு தூண்களின் அடியில் ஜல்லி பல்லிளித்துக்கொண்டு தெரிந்தது. கான்கிரீட்டைச் சரியாகக் குத்தி இறக்கவில்லை. ஒரு தூணில் சுண்டுவிரல் உள்ளே போனது. மேலே சிமெண்டுப் பாலைப் பூசிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார் ஒப்பந்ததாரர். அந்த வார்த்தைதான் எங்களை உறுத்தியது.

மறுநாள் காலை ஐயாவின் மகள் வந்தார். யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை; காதுக்குச் செய்தி எட்டியிருக்கிறது. முந்தானையில் முடிந்து கொண்டுவந்ததை அவிழ்த்துக் காட்டினார். சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று நூலில் தொங்கவிட்டுப் பார்க்கும் ஐயாவின் பித்தளைத் தூக்குக் குண்டு. நூல் பழசாகிக் கறுத்திருந்தது. பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரை ஊரே கூடிக் கட்டியபோது ஐயா இதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு வரிசை கோணலாகப் போய்விட்டதென்று, கட்டிய கொத்தனார் தம் சொந்த மைத்துனர் என்றும் பாராமல் பிரிக்கச் சொன்னவர் அவர். அந்தக் குண்டையே தூணில் இறக்கிப் பார்த்தோம். தலைக்கும் அடிக்கும் முக்கால் அங்குலம் சாய்வு.

நம் ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, இரண்டையும் எடுத்துவிடுவதே நல்லது என்று எழுதிக் கொடுத்தார். உடைத்த பிறகுதான் இன்னொன்று வெளிப்பட்டது. ஆறு அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டவேண்டிய கம்பி வளையங்கள் ஒன்பது, பத்து அங்குல இடைவெளியில் இருந்தன. தண்ணீர் ஊற்றியதும் மூன்றே நாள். சாதாரண சிமெண்டுக்கே குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் வைக்கவேண்டும். ஒரு குடும்பத்துத் திண்ணையாக இருந்தால்கூட இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டோம்.

ஒப்பந்ததாரர் சென்ட்ரிங் பலகைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஏழு வாரம் வேலை நின்றது. கட்டுப்படியாகாத விலைக்குக் கசக்கினால் இப்படித்தான் ஆகும் என்று சில உறுப்பினர்கள் எங்கள் மீதே பழி போட்டார்கள். மூன்று விலைப்புள்ளிகளில் நடுவில் இருந்ததைத்தான் ஏற்றோம். மூன்றும் கோப்பில் இருக்கின்றன. ஒப்பந்ததாரரிடம் நான்கு முறை பேசி, பெரியவர்களை வைத்து முடித்தோம். உடைத்துக் கட்டிய செலவு 71,000 ரூபாய். அதில் 30,000 ரூபாயை அவருடைய இறுதிப் பட்டியலில் கழித்தோம். மீதி 41,000 நம் தலையில் விழுந்தது. வழக்குப் போட்டிருந்தால் முழுவதும் கிடைத்திருக்கலாம், படிப்பகம் கிடைத்திருக்காது.

ஐயா யார் என்று இளையவர்கள் சிலருக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. அவர் துப்பாக்கி பிடித்ததைவிட மண்வெட்டியும் சம்மட்டியும் பிடித்ததே அதிகம். பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றார். 1780-இல் தொடங்கிய அந்தப் படையின் வேலை பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது. 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரில், மேற்கு எல்லையில் பசந்தர் ஆற்றுப் பக்கம் கண்ணிவெடி வயலில் டாங்கிகள் போக வழி திறந்தவர்களில் அவரும் ஒருவர். அந்தப் போரில் மேற்கு முனையில் பணியாற்றியவர்களுக்குத் தரப்பட்ட பஸ்சிமி ஸ்டார் பதக்கம் அவரிடம் இருந்தது. அந்தப் பதக்கத்தை அவர் சட்டையில் நாம் பார்த்தது குடியரசு நாளன்று பள்ளிக்கூடத்தில் மட்டும்தான். மணியார்டரிலேயே தம்பி பிள்ளைகள் மூவரையும் படிக்கவைத்தார். தம்பி இறந்த பிறகு அவர்கள் தகப்பன் இல்லாத பிள்ளைகள் என்று ஊரில் யாரும் சொல்ல இடம் வைக்கவில்லை. படுத்த படுக்கையான மனைவிக்குப் பதினோரு ஆண்டுகள் தாமே தலை வாரிவிட்டார். அப்படிப்பட்டவர் பெயரில் நிற்கும் தூணுக்குள் பொய் இருக்கக்கூடாது என்பதே குழுவின் முடிவு. இன்றைக்கும் அந்த முடிவில் மாற்றமில்லை.

கூடுதல் செலவில் அடுத்த 38,000 ரூபாய் சாய்வுப் பாதைக்கும் கைப்பிடி வைத்த கழிப்பறைக்கும் ஆனது. முதல் வரைபடத்தில் இவை இல்லை. ஓய்வூதியம் வாங்கும் முதியவர்களும் விதவைத் தாய்மார்களும் வந்துபோகும் இடம் என்பதை நாங்கள் முதலிலேயே யோசித்திருக்கவேண்டும்.

கடைசி 17,000 ரூபாய் முழுக்க முழுக்க எங்கள் பிழை. முதலில் வெட்டிய கருங்கல்லில் 'மாவீரர்' முதலாக ஐந்து அடைமொழிகள், குழுவினர் பெயர்கள், கொடையாளர் பெயர்கள் எல்லாம் இருந்தன. ஐயாவின் பெயர் ஆறாவது வரியில் வந்தது. மகள் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. விரலால் அந்த ஆறாவது வரியை மட்டும் தடவிவிட்டுப் போனார். நம் பக்கத்துப் பல ஊர்களில் 1914–1919 போருக்குப் போனவர்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த கல் உண்டு. இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. நம் கல்லில் பெயர் இருந்தும் தேடவேண்டியிருந்தது. மறு கல் வெட்டினோம். அதில் பெயர், ஹவில்தார், மதராஸ் சாப்பர்ஸ், பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, அதன்கீழ் 'இந்த ஊரில் வாழ்ந்தார்' என்ற ஒரு வரி. அவ்வளவுதான். பழைய கல் கவிழ்த்துப் போடப்பட்டு வேப்பமரத்தடியில் இருக்கையாக இருக்கிறது.

கொடையாளர்களின் பெயர்கள் கதவுக்கு உட்புறம் மரப்பலகையில் எழுதப்பட்டுள்ளன. கல்லில் இல்லையே என்று வருந்தும் அன்பர்கள் பொறுத்தருளவேண்டும். நாலாயிரம் செங்கல் தந்த சூளைக்காரர், மேலத்தெரு, கீழத்தெரு மகளிர் குழுக்கள், பால் சங்கத்தார், மூன்று நாள் கூலியை வேண்டாமென்று விட்ட கம்பி கட்டும் தம்பிகள், கத்தாரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அனுப்பிய பிள்ளைகள், ரேஷன் கடைக்கு எதிர்வீட்டு அம்மா சீட்டுப் பணத்திலிருந்து தந்த ஐயாயிரம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் உண்டியல், இந்தத் திடலில் ஓடிப் பழகி இன்று எல்லையில் நிற்கும் இருபத்து மூன்று வீரர்கள், எல்லோரும் அந்தப் பலகையில் இருக்கிறார்கள். கூடுதலான 96,000 ரூபாயில் குழுவினர் ஐவரும் ஆளுக்கு 8,000 போட்டோம். மீதி 56,000 ரூபாயை ஐயா வளர்த்த தம்பி பிள்ளைகள் மூவரும் தந்தார்கள். குடும்பத்திடம் வாங்கவேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானித்திருந்தோம். நாங்கள் சொன்னதை அவர்கள் கேட்கவில்லை.

திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்களை அழைக்காததும் ஒரு குறையாகச் சொல்லப்படுகிறது. நம் ஊரிலேயே வயதில் மூத்த, குடும்ப ஓய்வூதியம் பெறும் அம்மையார் கதவைத் திறந்தார். அவருடைய ஓய்வூதிய விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்தவர் ஐயா.

பற்றுச்சீட்டுகளும் வங்கிக் கணக்குப் புத்தகமும் படிப்பகத்து மேசையில் ஒரு மாதம் வைக்கப்படும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்; சந்தேகத்தைச் செயலாளரிடம் எழுதித் தந்தால் எழுத்திலேயே பதில் தருவோம்.

வரும் நவம்பரில் ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கவேண்டும். ஆண்டுதோறும் ஐயா தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்த வேலை அது. இந்த ஆண்டு படிப்பகத்துத் திண்ணையில் மேசை போடுகிறோம். காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை உட்கார்ந்து உதவ முறைக்கு இரண்டு பேர் தேவை. கைரேகை பதியாத முதியவர்களிடம் பொறுமையாக இருக்கத் தெரிந்தவர்கள், ஐப்பசி பிறப்பதற்குள் பெயர் கொடுங்கள்.

செயலாளர், திருப்பணிக் குழுவுக்காக