தூரை விட்டால்தான் பாசி தழைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடல்பாசி எடுக்கும் பாம்பன் பகுதிப் பெண்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவர்கள் படும் பாட்டை எழுதியதற்கு நன்றி. ஆனால் 'பாசி அறுக்க அறுக்க வளரும்' என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருக்கிறது. அது பாதிதான் உண்மை.

என் அம்மா முப்பது வருடம் மன்னார் வளைகுடாவில் பாசி எடுத்தவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்குவார். மரிக்கொழுந்துப் பாசியை மேலாகத்தான் கிள்ளுவார், தூரில், அதாவது அடிப்பகுதியில், கை வைக்க மாட்டார். செத்த பவளப்பாறையைப் பற்றிப் படர்ந்திருக்கும் அந்தத் தூரிலிருந்துதான் மறுபடி கிளை எழும்பும். தூரோடு பிய்த்தால் பாறை மொட்டையாகிவிடும்.

கஞ்சிப்பாசி என்ற இன்னொரு வகையின் விஷயம் இன்னும் நுட்பமானது. கல்லூரியில் தாவரவியல் படித்தபோதுதான் எனக்கே புரிந்தது. அதில் ஆண் செடி, பெண் செடி, இரண்டும் அல்லாத வித்துச்செடி என்று மூன்று உண்டு. பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். ஆணின் விந்தணுவுக்கு நீந்த வால் கிடையாது, தண்ணீர்தான் அதைப் பெண் செடியிடம் கொண்டு சேர்க்க வேண்டும். கருவுற்றதும் பெண் செடியின் மேல் பருப்பருவாகப் புடைக்கும். அந்தப் பருக்களிலிருந்து வெளிவரும் வித்துகள் மூன்றாவது வகைச் செடியாக முளைக்கும். அது விடும் வித்துகளிலிருந்துதான் மறுபடி ஆணும் பெண்ணும் வரும். பரு முற்றும் முன்பே மொத்தத்தையும் வாரிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு வித்து எங்கிருந்து வரும்?

ஜப்பானியர்கள் விரும்பிச் சாப்பிடும் நோரிப் பாசி கோடையில் எங்கே போகிறது என்பது அவர்களுக்கே வெகுகாலம் தெரியாமல் இருந்தது. அதன் உறவுப் பாசி ஒன்று சிப்பி ஓட்டுக்குள் மெல்லிய இழையாக ஒரு பருவத்தைக் கழிக்கிறது என்று 1949இல் கேத்லீன் ட்ரூ என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் கண்டறிந்தார். நோரியும் அப்படித்தான் என்று தெரிந்தது. அதன் வளர்ப்பு நிலைபெற்றது அதற்கப்புறம்தான்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் வருத்தம். அடுத்த முறை எழுதும்போது அவர்களிடமே கேளுங்கள்: எந்த மாதத்தில் எந்தப் பாசி முற்றும், எதைத் தொடாமல் விடுவார்கள் என்று. அந்தக் கணக்கு அச்சில் வரட்டும்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஒரு வாசகி